பத்து ஆம்பூலும் ஒரு கேள்வியும்

ஒரு வேளை மருந்துக்கு இரண்டு மூன்று ஆம்பூலுக்கு மேல் உடைக்க வேண்டியிருந்தால், உடைப்பதை நிறுத்திவிட்டுக் கணக்கை மறுபடி பார் என்று செவிலியர் மாணவிகளுக்குச் சொல்லித்தருவார்கள். நல்ல எச்சரிக்கை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு வேண்டிய அளவை ஒட்டித்தான் பெரும்பாலான மருந்துகளைக் கம்பெனிகள் அடைக்கின்றன. ஐந்தாவது ஆம்பூலின் கழுத்தை ஒடிக்கும்போது, மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் குழப்பிக்கொண்டோமோ என்ற சந்தேகம் வரத்தான் வேண்டும்.

ஆனால் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்தால் கொடுக்கும் மக்னீசியம் சல்பேட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். நம் நாட்டில் அது 2 மில்லி ஆம்பூலில் 1 கிராமாக வருகிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் துணை சுகாதார நிலையத்தின் துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) போட வேண்டிய முதல் தவணை 10 கிராம். இடுப்பின் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 5. ஆக, பத்து ஆம்பூல். எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடித்தால் தாயின் உயிருக்கு ஆபத்து. எச்சரிக்கையே தெரியாதவரோ நாளைக்கு வேறொரு மருந்திலும் பத்தை உடைத்துவிடுவார். விதியை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தெரிந்திருப்பதற்குத்தான் செவிலியர் படிப்பு.

பத்து ஆம்பூலோடு வேலை முடிவதும் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலும் 5 கிராம் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா, கடந்த நான்கு மணி நேரத்தில் மணிக்கு 30 மில்லி வீதமாவது சிறுநீர் இறங்கியிருக்கிறதா. மக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீர் குறைந்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும். தேங்கினால் முதலில் முழங்கால் துள்ளல் போகும், அடுத்து மூச்சு, கடைசியில் இதயம். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டிலருகிலேயே தயாராக இருக்க வேண்டும்.

'நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம்' என்று கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெண்ணின் முழங்கால் துள்ளவில்லை. ஊசியைப் போடாமல் நிறுத்தி, மருத்துவரை எழுப்புகிற சிஸ்டர்தான் அன்றைக்கு அந்த உயிரைக் காத்தவர். பதிவேட்டில் அது, கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காத ஊசியாக மட்டுமே இருக்கும்.

இதையெல்லாம் ரங்கத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். நடு அந்தமானின் இந்தச் சிறு நகரத்தில் சமுதாய சுகாதார நிலையம் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை வடக்கே மாயாபந்தரில். அதற்கு மேலான சிறப்பு சிகிச்சை என்றால் தெற்கே போர்ட் பிளேர். 2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் சாலை வழியே ஏறக்குறைய 170 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டால் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போய் இன்னும் கொஞ்சம் போவதுபோலத் தோன்றும். ஆனால் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. வாகனங்கள் குறித்த நேரங்களில் வரிசைகட்டித்தான் அதைக் கடக்க வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற நீரிணையில் வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை சேர வேண்டும். ஹெலிகாப்டர் உண்டு, அதற்கு வானம் ஒத்துழைக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகரம் ஒன்றில் ஊசி தவறிப்போனால், அரை மணி நேரத்தில் வேறொரு மருத்துவரின் கையும் வென்டிலேட்டரும் கிடைக்க வாய்ப்பு உண்டு. தீவில் தவறைத் திருத்திக்கொள்ள அந்த அவகாசம் கிடையாது. மருந்து சிரிஞ்சில் ஏறிய பிறகு, உடம்பில் இறங்குவதற்கு முன் இருக்கும் சில விநாடிகள்தான் எல்லாமே. அந்த விநாடிகளில் அங்கே நிற்பது மருத்துவர் அல்ல, செவிலியர்.

அந்த விநாடிகளுக்கு நாம் கொடுத்திருக்கும் மந்திரம் 'ஐந்து சரிகள்': சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். உலகெங்கும் நர்சிங் மாணவிகள் மனப்பாடம் செய்வது. பிறகு யாரோ 'சரியான பதிவு' என்பதைச் சேர்த்தார்கள். இன்னும் சிலர் பத்து வரைக்கும் நீட்டிவிட்டார்கள். இந்தப் பட்டியல் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்கிறது. எப்படி என்று சொல்வதில்லை. எனக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது.

முதல் 'சரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தில் அந்தமானுக்கு வந்த கிழக்கு வங்காளக் குடும்பங்களின் வாரிசுகள், ராஞ்சிப் பக்கமிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லோரும் கலந்து வாழும் இடம் ரங்கத். பொதுமொழி அந்தமானுக்கே உரிய ஒரு இந்தி. ஒரே வார்டில் இரண்டு விஸ்வாஸ்களும் இரண்டு லட்சுமிகளும் இருப்பது சாதாரணம். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் பாதித் தூக்கத்தில், காய்ச்சலில், காது மந்தத்தில், மொழி புரியாத மரியாதையில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டால் பெயரைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஆகும் நேரம் ஒன்றே. தலையாட்டலைச் சான்றாக எடுத்துக்கொள்ளாத அந்தச் சிறு பிடிவாதம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்து இன்சுலின். இந்தியாவில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மங்கிய பல்பு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி. 20 யூனிட் போட வேண்டும்; 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். அதுவே 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் இழுத்தால் 50 யூனிட். நோயாளி சரி, மருந்து சரி, வழி சரி, நேரம் சரி. அளவும் சீட்டில் 20, சிரிஞ்சிலும் 20. ஐந்துக்கும் டிக் அடித்துவிட்டு ஒருவரைத் தாழ்சர்க்கரையில் மயங்க வைக்க முடியும்.

சிரிஞ்சும் சரியாக இருக்கட்டும். "சாப்பாடு வந்துடுச்சா?" என்று கேட்காமல் காலை ஊசியைப் போட்டுவிட்டால்? அன்றைக்குச் சமையலறையில் கேஸ் தீர்ந்து இட்லி ஒன்றரை மணி நேரம் தாமதம். மருந்துச் சீட்டில் இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வாசலில் நின்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிற சிஸ்டருக்குத்தான் அது தெரியும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பும் அப்படியே: 5 மில்லியில் 125 மில்லிகிராமும் உண்டு, 250ம் உண்டு. 'ஒரு ஸ்பூன்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் எந்த ஸ்பூன், எந்த பாட்டில் என்று கேட்டாக வேண்டும்.

ரங்கத்துக்கே உரிய ஓர் உதாரணம் பாம்புக் கடி. பாக்குத் தோட்டமும் நெல் வயலும் காடும் ஒட்டிக் கிடக்கும் ஊர். இருட்டில் 'ஏதோ கடித்துவிட்டது' என்று வருபவரைக் கடித்தது பூரானாகவும் இருக்கலாம். அந்தமான் பூரானின் கடுமை அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து (ஏ.எஸ்.வி.) நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராவது. அந்த விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஆனால் அந்தமானின் நாகம் வேறு இனம், கட்டுவிரியன் வேறு இனம், அங்குள்ள குழிவிரியன் இந்த நான்கில் சேர்த்தியே இல்லை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் அங்கே கிடையா. இருளர் ஒருவர் வடநெம்மேலிப் பானையிலிருந்து எடுத்த விஷத்தால் உருவான மருந்து, கடல் தாண்டிப் போய், தான் பார்த்தேயிராத பாம்பின் விஷத்தோடு மோதுகிறது. சிலவற்றில் ஓரளவு வேலை செய்யலாம், சிலவற்றில் செய்யாது.

மருந்தைத் தொடங்குவதா வேண்டாமா என்பது மருத்துவரின் முடிவு. ஆனால் குப்பி குப்பியாகக் கரைத்து டிரிப்பில் ஏற்றும்போது பக்கத்தில் நிற்பவர் செவிலியர். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து. எந்த நிமிடமும் உடம்பு தடித்து, மூச்சிரைத்து, ரத்த அழுத்தம் சரியலாம். சோதனை ஊசி போட்டுப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. தேசிய சிகிச்சை நெறிமுறை அதை வேண்டாம் என்கிறது. அட்ரினலின் முன்னதாகவே சிரிஞ்சில் தயாராக இருக்க வேண்டும்: பெரியவருக்கு அரை மில்லிகிராம், அதாவது அரை ஆம்பூல், தொடைத் தசையில். பதற்றத்தில் அதையே முழுசாக ரத்தநாளத்தில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். இமை தாழ்கிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, சற்று முன் இருபது வரை எண்ணியவர் இப்போது பன்னிரண்டில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். 'ஏ.எஸ்.வி. போட்டாச்சு' என்று நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்துவிட அந்தமானில் முடியாது. 'நான் கொடுப்பது இந்த நோயாளிக்கு வேலை செய்கிறதா?' என்ற கேள்வி எல்லா ஊரிலும் நல்லதுதான். ரங்கத்தில் அது இல்லாமல் முடியாது.

இனி கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருகிறேன். யோசிக்கிற செவிலியர் வேண்டும் என்று மேடையில் எல்லோரும் பேசுகிறோம். வார்டில் அவர் யோசித்தால் நமக்குப் பிடிக்கிறதா?

1966இல் அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹோஃப்லிங் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. இரவு டூட்டியில் இருந்த 22 செவிலியர்களுக்கு, முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' போன் செய்து, 'அஸ்ட்ரோட்டன்' என்ற மருந்தை நோயாளிக்கு 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். அப்படியொரு மருந்தே உலகத்தில் இல்லை. டப்பாவில் இருந்தது சர்க்கரை. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று டப்பாவின் மேலேயே எழுதியிருந்தது. போனில் மருந்து உத்தரவு வாங்கக் கூடாது என்பது மருத்துவமனையின் விதி. 22 பேரில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார்கள். கட்டிலை நெருங்கும் முன் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். செவிலியர்கள் எவ்வளவு அடிபணிகிறார்கள் என்பதற்கு இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் இதைத்தான் காட்டுகின்றன.

அதோடு நிறுத்திவிடுவது பாதிக் கதை. 1977இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு மாற்றத்தோடு இதைத் திரும்பச் செய்தார்கள். இம்முறை மருந்து எல்லோருக்கும் பழக்கமான வேலியம். அளவு மட்டும் தாறுமாறு. முக்கியமானது இது: செவிலியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வழி இருந்தது. 18 பேரில் கொடுக்கத் தயாரானவர்கள் இருவர்தான். பதினொரு ஆண்டுகளில் செவிலியர்களின் குணம் இவ்வளவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. மருந்தைப் பற்றிய அறிவு இருந்தது; 'ஏங்க, இது சரியா இருக்கா?' என்று கேட்கப் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தார். அவ்வளவே வித்தியாசம்.

தனியாக டூட்டி பார்க்கிற இடங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் இருக்க முடியாது. இரவில் ஒரே சிஸ்டர், குவார்ட்டர்ஸில் தூங்கும் ஒரே மருத்துவர், மழையில் விட்டுவிட்டுக் கேட்கும் போன் குரல். பதினைந்தா ஐம்பதா என்று ஆங்கிலத்தில் ஒலியே குழப்பும். 'ஃபிஃப்டி, ஐந்து, பூஜ்யம்' என்று சிஸ்டர் திருப்பிச் சொல்லி, மறுமுனை 'ஆமாம்' என்ற பிறகே கை மருந்தைத் தொட வேண்டும். மறுநாள் காலை அந்த உத்தரவின் கீழ் மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிச் சொல்லும்போது "நான் சொன்னது காதில் விழலையா?" என்று எரிந்து விழுகிற மருத்துவர், அடுத்த முறை அந்தச் சிஸ்டர் திருப்பிச் சொல்லாமல் இருக்கப் பயிற்சி கொடுக்கிறார்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் வந்து 2020 ஆகஸ்ட்டில் செயல்பாட்டுக்கு வந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் தீவுகளின் துணை நிலையங்களிலும் சுகாதார நிலையங்களிலும் இருக்கும் செவிலியர் இரவு எந்நேரமும் அழைக்க, தலைநகரில் ஒரு மருந்தியல் வல்லுநரை ஒரு போனின் முன்னால் உட்கார வைப்பது பெரிய செலவு அல்ல. நோயாளியைப் பற்றிய ஆலோசனைக்குத் தொலைமருத்துவம் இருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. 'இந்த அளவு சரியா, இதையும் அதையும் ஒரே டிரிப்பில் கலக்கலாமா?' என்று கூச்சமில்லாமல் கேட்க ஓர் எண். ராங்க், ஜேக்கப்சன் ஆய்வில் இருந்த 'பக்கத்து ஆள்' கம்பி வழியே வரட்டும்.

இதெல்லாம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு தீவு சாட்சி. பசிபிக்கில் சமோவா, மக்கள்தொகை இரண்டு லட்சம்தான். 2018 ஜூலையில் சவாயீ தீவின் ஒரு சிறு மருத்துவமனையில், ஒரு வயதுக் குழந்தைகள் இரண்டுக்குத் தட்டம்மை-அம்மைக்கட்டு-ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. சில நிமிடங்களில் இரண்டும் இறந்தன. தூளாக இருக்கும் தடுப்பு மருந்தைக் கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாக, மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தசை தளர்த்தியைக் கலந்துவிட்டிருந்தார்கள். அது உள்ளே போனால் நினைவு இருக்கும், மூச்சுத் தசை மட்டும் அசையாது. ஏன் அந்தக் குப்பி தடுப்பூசி போடும் இடத்தில் இருந்தது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு செவிலியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள்.

கதை அங்கே முடியவில்லை. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. தாய்மார்கள் பயந்து ஒதுங்கினார்கள். அந்த ஆண்டு தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகளின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சரிந்தது. 2019 கடைசியில் தட்டம்மை தீவில் இறங்கியபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இரண்டு குப்பிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததில் தொடங்கியது இது.

நமக்கும் அந்தப் பயம் அந்நியமல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் கிராமத்துத் துணை நிலையங்களில் போட்டுவந்த ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். ஊசிக்காக வீட்டு வாசல்வரை வந்துகொண்டிருந்த ஒரு சேவை, பஸ் ஏறிப் போய் வாங்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017 டிசம்பரில் நடந்ததும் சமோவாவின் இரட்டைப் பிறவிதான். ஸ்கேன் எடுக்கப் பயந்த 75 வயது மூதாட்டிக்குப் பதற்றம் தணிக்கும் மிடசோலம் கொடுக்க வேண்டும். கணினி வைத்த மருந்து அலமாரியில் அதன் வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டிய செவிலியர், கட்டுப்பாட்டை மீறித் திறந்து எடுத்தது வெக்குரோனியம், ஒரு தசை தளர்த்தி. இந்த விபத்தில் என்னை உறுத்தும் ஒரு விவரம்: மிடசோலம் திரவமாக வரும், வெக்குரோனியம் தூளாக வரும், கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். 'இதை ஏன் கரைத்துக்கொண்டிருக்கிறேன்?' என்று கை ஒரு நொடி கேட்டிருந்தால் போதும். ஆனால் அவர் புதியவருக்குப் பயிற்சியும் கொடுத்தபடி, பல இடங்களுக்கும் ஓடியபடி இருந்தார். தவறை அவரே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. தண்டனை மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. இனி எந்தச் செவிலியர் தன் தவறைத் தானே சொல்வார் என்று அமெரிக்கச் செவிலியர்கள் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை இந்தியாவில் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(1) பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் இரண்டாண்டு வரை. 'பதிவுபெற்ற மருத்துவர்' யார் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி தகுதி பெற்று, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியர் அதில் வரமாட்டார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இருவருக்கும் அதிகபட்சம் இரண்டாண்டுதான். ஆக, தவறான அளவை எழுதிய மருத்துவருக்கு உச்சவரம்பு இரண்டு; அந்த எழுத்தை நம்பிப் போட்ட சிஸ்டருக்கு ஐந்து. மருத்துவர் சங்கங்கள் குரல் கொடுத்தபோது மருத்துவர்களுக்குச் சலுகை கிடைத்தது. செவிலியருக்காக யார் பேசினார்கள்? இந்தச் சட்டத்தைத் திருத்துவது பயிலரங்கங்கள் நடத்துவதைவிட அவசரமான வேலை என்பது என் கருத்து. தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு டூட்டிக்கு வருபவரையும், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு குப்பிகளால் ஏமாந்தவரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

2017 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் 'தீங்கில்லா மருந்து' என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. தவிர்க்கக்கூடிய கடும் மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டில் பாதியாகக் குறைப்பது இலக்கு. மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவு என்று மதிப்பிட்டார்கள். ஐந்தாண்டு எப்போதோ ஓடிவிட்டது. செப்டம்பர் 17ஆம் தேதி நோயாளிப் பாதுகாப்பு நாள் என்று பேனர் கட்டுகிறோம். பேனருக்குக் கீழே தசை தளர்த்தியும் அடர் பொட்டாசியம் குளோரைடும் சாதாரண மருந்துகளோடு ஒரே தட்டில் இருக்கலாம். அவற்றை வார்டிலிருந்து எடுத்துவிட்டால், நள்ளிரவில் எவ்வளவு களைத்த கையும் அவற்றைத் தவறாக எடுக்க முடியாது. உலகின் பல மருத்துவமனைகள் அடர் பொட்டாசியத்தை வார்டிலிருந்து அகற்றியது இந்த எளிய தர்க்கத்தில்தான்.

மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க நம்மிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணுக்குச் செவிலியரும் பேசலாம், நோயாளியும் பேசலாம். கை தவறியதையும், தவற இருந்து கடைசி நொடியில் தப்பியதையும் பயமின்றிச் சொல்ல வார்டு அளவில் என்ன இருக்கிறது? விமானத் துறையில் 1976 முதல் அமெரிக்காவின் நாசா ஒரு ஏற்பாட்டை நடத்துகிறது. விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயர் வெளியே போகாது. வேண்டுமென்று செய்ததாகவோ குற்றமாகவோ இல்லாமல் பத்து நாளுக்குள் தெரிவித்தால் தண்டனையிலிருந்தும் விலக்கு உண்டு. இதனால் விமானிகள் பொறுப்பற்றவர்களாகிவிடவில்லை. எந்த விளக்கு எந்தப் பொத்தானோடு குழம்புகிறது என்பது விபத்துக்கு முன்பே தெரியவந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பா தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். இரவு எட்டு மணி மாத்திரையைச் சிஸ்டர் அவர் உள்ளங்கையில் வைத்தார். அப்பா அதை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் வெள்ளையா இருந்துச்சேம்மா" என்றார். 'கம்பெனி மாறியிருக்கும் தாத்தா, போடுங்க' என்பதுதான் எனக்குப் பழக்கமான பதில். மருந்து வாங்கும் டெண்டர் மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும்; பத்தில் எட்டு முறை அதுதான் உண்மையும். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஐந்து நிமிடம் கழித்து வேறு மாத்திரையோடு வந்தார். முன்னது பக்கத்துக் கட்டில்காரரின் சர்க்கரை மாத்திரை. அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது.

கிளம்பும்போது அவரிடம், இதை எங்கேயாவது எழுதி வைப்பீர்களா, இன்னொரு வார்டில் இதே மாதிரி நடக்காமல் இருக்குமே என்று கேட்டேன். இரண்டு மாத்திரை அட்டைகளும் அவர் கையில் இருந்தன. வெள்ளித் தாளில் நீல எழுத்து, ஒன்றுக்கொன்று அச்சு அசல்.

"அதுக்கு நோட்டு எதுவும் இல்லைங்க சார்" என்றார். "எழுதினா, யாரு டூட்டின்னுதான் முதல்ல கேப்பாங்க."

அட்டைகளை இரண்டு தனித் தட்டுகளில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.